பூஜ்யத்திலிருந்து எண்ணியவன்

ஆஸ்பத்திரியில் அவனுக்கு அணையாவிளக்கு என்று பெயர். ஒன்பது வருஷமாகச் சர்வரை ஒரு தடவைகூட அணைக்காமல் ஓட்டுகிறானே, அதனால். ஸ்கேன் படங்கள் சேரும் வட்டு நிரம்பினால், கீழ்த்தளத்துச் சேமிப்புப் பெட்டியில் அதன் அளவைக் கூட்டுவான். அந்தப் புது அளவை மறுபடி பார்க்கும்படி சர்வருக்குக் கட்டளை கொடுப்பான். ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டு வளர்ந்துவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன!

அன்று அவனுடைய அக்கா ஸ்கேனுக்கு வந்திருந்தாள். வயிற்றில் கட்டி. படத்தைப் பார்த்துத்தான் ஆபரேஷனை டாக்டர் முடிவு செய்வார். ஐந்து வாரம் காத்திருந்து கிடைத்த நாள்.

வட்டு தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியிருந்தது. வழக்கமான வேலைதானே என்று உட்கார்ந்தான். காதில் அக்காவின் போன் வேறு.

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்டா, என் தம்பிதான் இங்க கம்ப்யூட்டர் பாத்துக்கிறான்னு."

"சரிக்கா, சரிக்கா" என்றபடியே பெட்டியில் மிச்சமிருந்த இடம் முழுவதையும் மூன்றாம் வட்டுக்குக் கொடுத்தான்.

சர்வர் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; பெட்டி ஒன்றிலிருந்து எண்ணும். சர்வரில் மூன்றாக இருக்கும் ஸ்கேன் வட்டு, பெட்டியில் நான்கு; பெட்டியின் மூன்று, காவல் கேமராக்களின் பதிவு சேரும் வட்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவனே இவன்தான். இப்போது கேமரா பதிவுகளின் வட்டு கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. கொடுத்த இடத்தைத் திரும்பப் பிடுங்க அந்தப் பெட்டியில் வழியே கிடையாது. அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

பழைய படங்களைக் கேமரா வட்டுக்கு நகலெடுக்கத் தொடங்கினான். அவற்றை இங்கே அழித்தால்தான் ஸ்கேன் வட்டில் இடம் வரும்; ஆனால் நகலைச் சரிபார்க்காமல் ஒன்றையும் அழிக்கக் கூடாது. எல்லாம் முடிய மறுநாள் ஆகிவிடும். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்ப்பா."

"அணைச்சாலும் இடம் வராது சார்."

நூறு சதவீதம் ஆயிற்று. ஸ்கேன் அறையிலிருந்து டெக்னீஷியன் கூப்பிட்டான். "அண்ணே, படம் ஏற மாட்டேங்குது. எல்லாரையும் அனுப்பிடட்டுமா? அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுதான்."

நானே வந்து சொல்கிறேன் என்று எழுந்து போனான். என்னவென்று சொல்வது?

அக்கா ஸ்கேனுக்காக வளையல், தோடு எல்லாம் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். அவனைக் கண்டதும் பக்கத்துப் பெண்மணியிடம் திரும்பினாள்.

"மெஷின் மக்கர் பண்ணுதுன்னு பயந்தீங்களே! இதோ வந்துட்டான் பாருங்க, இப்ப சரியாயிடும்." முடிச்சை அவனிடம் நீட்டினாள். "இத வச்சுக்கடா. என்னைக் கூப்பிட்டுடுவாங்க."

அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.