உலகம்மை என்னைப் பேச வைத்தாள்

போன ஆடி மாதம் என் மகள் தர்ஷினி பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போது அவளுக்கு நாலு வயது. காய்ச்சல் இல்லை. எங்கும் விழவில்லை. முந்தின நாள் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. காலையில் பால் வேண்டுமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். விளையாட்டு என்று நினைத்தேன். சாயங்காலமும் தலைதான். அடுத்த நாளும் தலைதான்.

விளக்கு பூஜையில் என்னோடு உட்காருகிற அக்காமார்களே, தங்கச்சிமார்களே, பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று உங்களில் பலர் அப்போது கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

என் பெயர் முத்துலட்சுமி. விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கணேசன் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. ஒரு நாளும் கை நீட்டியது கிடையாது. எங்கள் வீட்டில் இருந்த வியாதிக்குச் சத்தமே கிடையாது. சண்டை வந்தால் நாங்கள் பேச மாட்டோம். அவ்வளவுதான்.

அது நான் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அம்பாசமுத்திரத்தில் என் அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே வருஷக்கணக்காகப் பேசியதில்லை. மாமா கல்யாணத்தில் அப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தொடங்கிய சண்டை. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. அடுப்படியிலிருந்து அம்மா, "சோறு ஆறுது, வந்து கொட்டிக்கிடச் சொல்லு உங்கப்பாவ" என்பாள். நான் வாசலுக்கு ஓடி, "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுதா" என்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. சுடுகிற வார்த்தையை வழியிலேயே உதறிவிட்டுப் போக நானே பழகிக்கொண்டேன். எனக்கென்று ஒரு வீடு வந்தால் இப்படி இருக்கக் கூடாது என்று அப்போதே நினைத்தேன்.

ஆனால் கோபம் வந்தால் என் தொண்டை அம்மாவின் தொண்டையாகிவிடுகிறது. வார்த்தை வராது.

வைகாசியில் என் தங்கச்சிக்கு வளைகாப்பு. இவர் வரவில்லை. வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் "உன் வீட்டுக்காரர எங்க காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஆளுக்கொரு பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. ஆனி கழிந்தது. ஆடி பிறந்தது. குடும்பம் நடக்க ஒரு வாய் வேண்டுமே. தர்ஷினி இருந்தாள். "அப்பாட்ட குளிக்கத் தண்ணி சுட்டுட்டுன்னு சொல்லு." "அம்மாட்ட எனக்கு நாளைக்குக் காலை ஷிப்டுன்னு சொல்லு." பிள்ளை அங்கேயும் இங்கேயும் ஓடினாள்.

ஒரு நாள் நான் வைத்த காப்பியைக் குடிக்காமல் அவர் எழுந்து வாசலுக்குப் போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். ஆடை படிந்த அந்தக் காப்பியைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இனிமே நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், போயிருவேன்னு உங்கப்பாட்ட சொல்லு, போ" என்றேன்.

தர்ஷினி நிலைப்படி வரை போனாள். அங்கேயே நின்றாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள். சொன்னாளா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை. மறுநாள்தான் அவள் பேச்சு நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். "காது நல்லா இருக்கு, தொண்டை நல்லா இருக்கு. பேசு பேசுன்னு கட்டாயப்படுத்தாதீங்க. வீட்டுல நீங்க ரெண்டு பேரும் அவ முன்னால சகஜமாப் பேசிட்டிருங்க" என்றார்கள். இரண்டு பேரும் தலையாட்டினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊர் வந்து சேரும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டேன். பிள்ளையை மடியில் போட்டு, "ஒரே ஒரு தடவ அம்மான்னு சொல்லுட்டி" என்று கெஞ்சினேன். ஒரு நாள் தோளைப் பிடித்து உலுக்கியும்விட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கொல்லைப்புறத்தில் நின்று அழுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன செய்யலாம் என்று அவரிடம் போய்க் கேட்க ஆசை. கால் நகரவில்லை. வாயும் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை ஊமையாகிக் கிடக்கிறாள், பெற்றவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அழுகிறோம். இதைவிடக் கையாலாகாத நிலை உண்டா?

அப்புறம் போக இடம் ஏது? பாபநாசம் கோயிலுக்குப் போனேன். உலகம்மை சன்னதிக்கு முன்னால் உரல் கிடக்கிறதே, வெள்ளிக்கிழமைதோறும் விரலி மஞ்சள் வாங்கிப் போய் அதில் இடித்து அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். ஆவணி போனது. புரட்டாசியும் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அம்பாளுக்கும் நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. தர்ஷினி பக்கத்தில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் இடித்துக்கொண்டே அழுது வேண்டுகிறேன். "தாயே, அவருக்கு நல்ல புத்தி குடு. எங்கிட்ட வந்து பேசச் சொல்லு. அவர்ட்ட சொல்லு தாயே, நீ சொல்லு."

உலக்கை கையில் அப்படியே நின்றுவிட்டது.

அவர்ட்ட சொல்லு. வீட்டில் பிள்ளையிடம் சொல்வதைத்தான் இங்கே அம்பாளிடமும் சொல்கிறேன். உலகத்தைப் பெற்றவளையும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடச் சொல்கிறேன். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. என் வாயிலிருந்து வந்ததை என் காதிலேயே விழ வைத்தாள். அது அவள் செயல் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இடிச்சாச்சாம்மா? உலக்கையத் தாங்க" என்று பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா கேட்டபோதுதான் நினைவு வந்தது.

அன்றைக்கு அவர் காலை ஷிப்டு முடிந்து வந்தார். தர்ஷினியைக் கூப்பிடத்தான் வாய் போனது. அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வளைகாப்புக்கு ஏன் வரல நீங்க? எனக்கு அன்னைக்கு ரொம்ப அவமானமா இருந்திச்சு." குரல் யாருடையதோ மாதிரி கரகரத்தது.

அவர் சாப்பாட்டு வாளியைக் கீழே வைக்காமல் நின்றார். அதன் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு ஷிப்டுக்கு மாத்தாளு கிடைக்கல. சொன்னா சண்ட வரும்னு சும்மா இருந்துட்டேன். எங்கப்பா வாயத் தொறந்தாருன்னா தெருவே கூடி நின்னு வேடிக்க பாக்கும். அந்த வாயி எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்குட்டி. பேசாம இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு நெனச்சேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பேசாமல் இருந்தது கோபத்தில். அவர் பேசாமல் இருந்தது பயத்தில். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானே.

அன்றைக்கே தர்ஷினி பேசிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. நாங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். புளி விலை, பஸ் கூட்டம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எதையாவது. சொல்லெல்லாம் தட்டுத் தடுமாறி வரும். சில நாள் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். மறுபடியும் அம்பாளை நினைத்துத் தொடங்குவேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. தர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று, குடைக் கம்பி ஒடிந்துபோனதைப் பற்றி ஏதோ சொன்னார். நான் சிரித்தேன். மடியிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"நீ போயிருவியாம்மா?"

பின்னலை அப்படியே விட்டேன். "எங்கட்டி போவேன்?"

"அப்பாட்ட நான் சொல்லல. சொன்னா நீ போயிருவல்லா."

நான் ஆத்திரத்தில் சொல்லி மறந்த சொல் அது. அதை வெளியே விட்டால் அம்மா போய்விடுவாள் என்று, இருந்த சொல் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து வைத்திருந்திருக்கிறாள் என் பிள்ளை. சுடுகிற வார்த்தையை உதறிவிட்டு ஓட எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அவர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் அவள் மெதுவாகத்தான் பேசுகிறாள். என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா தர்ஷினியைப் பார்த்து, "உங்க தாத்தாவச் சாப்பிடச் சொல்லு" என்றாள். "நீயே கூப்பிடும்மா" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அன்றைக்கு நேரம் கழித்துத்தான் சாப்பிட்டார். என்னால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்களுக்காகவும் மஞ்சள் இடிக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கலாம். வழி தெரியாவிட்டால் அம்பாளிடம் போய் அழுங்கள். நான் பிள்ளைக்குப் பேச்சுக் கேட்டேன். அவள் முதலில் எனக்குக் கொடுத்தாள். உங்களுக்கும் எதை முதலில் கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுப்பாள். நம்பிப் போங்கள்.

நேற்றுச் சாயங்காலமும் எங்களுக்குள் சண்டை. அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நேருக்கு நேராகவே பேசித் தீர்த்தோம். தர்ஷினி எங்களைத் திரும்பியும் பார்க்காமல் தெருவில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.