தூத்துக்குடி கேட்காத பாட்டு

ஜெபராஜ் அண்ணன் போய்விட்டார் என்று காலை பத்து மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. "ரூம்லயே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள கலாஸ், சார்" என்றார் அவருடைய ரூம்மேட். முந்தைய நாள்தான் அண்ணன் என்னிடம், வெள்ளிக்கிழமை டூட்டி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இல்லை என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இந்த வளைகுடா ஊரான சோஹாரில் அவரோடு பாடிய உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடிக்காரர், இங்கே துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பர். ஊர் சர்ச்சில் பாடி வளர்ந்தவர், உச்சக் குரலிலிருந்து கட்டைக் குரல் வரை நான்கு குரலுக்கும் தனித்தனியாக இசை எழுதத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை காலைகளில் நர்சுகளையும் கிரேன் ஓட்டுகிறவர்களையும் கூட்டி வைத்துப் பாடச் சொல்வார். கும்பகோணத்தில் பஜனைக்குக்கூட வாய் திறக்காத என்னையும் விடவில்லை. என் குரலைக் கேட்டால் என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். அவரோ, "இந்தக் கட்டக் குரலத்தான் சேகரு தேடிக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு அஸ்திவாரம் வேண்டாமா?" என்றார். அஸ்திவாரத்துக்கு நானும் ஒரு கிரேன் ஆபரேட்டரும் என்று ஆனது.

அவர் எழுதியதெல்லாம் தூத்துக்குடியைப் பற்றித்தான். உப்பளத்தின் வெயில், துறைமுகத்துக் காலை, மில் சங்கு என்று இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டு. "அங்க இருந்தவரைக்கும் ஊரப் பத்தி ஒரு வரி எழுதல. இங்க வந்துதான் காதுல விழுது" என்பார். மேல்நாட்டில் பெரிய இசையமைப்பாளர் ஒருவர், அவரும் துறைமுக ஊர்க்காரர்தான், வேறு ஊரில் புகழோடு வாழ்ந்தும் சொந்த ஊர் தன்னைக் கூப்பிட்டு ஒரு நல்ல பதவி தரவில்லையே என்று வருந்தினாராம். அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. தன் பாட்டைத் தன் சர்ச்சில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து வந்த நாள் குறைவு. டூட்டி ரோஸ்டர் ஒட்டியதும் அண்ணன் போய்ப் பார்ப்பார். அந்த வாரம் யாருக்கு வேலையோ அவர்கள் பகுதியை எடுத்துவிட்டு, வருகிறவர்களுக்குத் தகுந்தபடி பாட்டையே மாற்றி எழுதுவார். ஆகவே ஒரே பாட்டுக்கு அவர் அலமாரியில் பத்துப் பன்னிரண்டு தாள் கட்டுகள் இருந்தன. ஒன்றிலும் தேதி கிடையாது.

ஒரு முறை பக்கத்து நாட்டு யான்பு துறைமுகத்தில் பத்து நாள் வேலைக்கு அவரை அனுப்பினார்கள். போகும்போது, பாட்டை ஊர்ப் பாடகர் குழுவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். "அடியில கெடக்குததுதான் முழுசு, அத எடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஆபீஸ் அவசரத்தில் மேலே இருந்ததை எடுத்து அனுப்பினேன். எனக்கும் கிரேன் ஆபரேட்டருக்கும் டூட்டி இருந்த வாரத்தில் எழுதியது அது.

அவர் லீவில் ஊருக்குப் போனபோது குழுத் தலைவர் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "நல்லாத்தான் இருக்கு. கட்டக் குரலே இல்லாம எப்படிப் பாட? இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு எழுதுங்க" என்றாராம். திரும்பி வந்து இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் அண்ணன். விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று நர்ஸ் ஒருவர் கேட்டார். "ரோஸ்டர் கதைய அங்க யாருட்டச் சொல்ல? ஊரு ஒரு தடவதான் காது குடுக்கும்" என்றார். வேறு கட்டு எதையும் அவர் அனுப்பவே இல்லை. எப்படித் தவறு நடந்தது என்று யாரையும் கேட்கவுமில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் உடலோடு ஊருக்கு நான்தான் போனேன். அவர் சர்ச்சில், அவர் எழுதாத பாட்டுகளைப் பாடி அடக்கம் செய்தார்கள். மறுநாள் அண்ணியின் முன்னால் உட்கார்ந்து, தவறான கட்டை அனுப்பியது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அவுகளுக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "முழுக் கட்டு அலமாரியிலயே கெடந்தத பாத்துட்டாக. ஒங்ககிட்ட கேக்க வேண்டியதுதானன்னு நாந்தான் போன்ல சண்ட போட்டேன். 'கேட்டா சேகரு பாட வரமாட்டான், விடு'ன்னுட்டாக."

ஊர் தன் பாட்டைக் கேட்பதா, நான் பாட வருவதா என்று பார்த்து, என்னை வைத்துக்கொண்டிருக்கிறார். மனசு அவரைத் தேடுகிறது. என்னிடம் அவருடையதாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றரை வருஷமும், எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் நின்று, குற்ற உணர்ச்சியில் என் குரல் உள்ளே போகும்போதெல்லாம் முழங்கையால் மெதுவாக இடித்து, "சத்தமாப் பாடுங்க சேகரு, ஊருக்குக் கேக்கட்டும்" என்பார்.