நஜீர் பாயின் பெரிய நாற்காலி

முதலில் அவர்தான் உட்கார்ந்து பார்ப்பார். மேடையில் போட்ட ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நொடி அமர்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்து, காலில் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகே எழுவார். "நான் உக்காந்து எய்ந்த சேர்லதான் மந்திரியே உக்காரணும். நடுவுல புட்டுக்கிச்சுன்னா பேப்பர்ல அவரு போட்டோ வரும், மானம் போறது என்னுது" என்பார் நஜீர்.

பூந்தமல்லியில் பந்தல், மேடை, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் அரசு விழா என்றால் அவருக்குத்தான் ஆள் வரும். இதுவரை அவர் போட்ட பந்தல் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை.

மற்றவை எல்லாம் பிளாஸ்டிக். ஒரு நாற்காலி மட்டும் தேக்கு. உயர்ந்த முதுகு, சிவப்பு வெல்வெட். அது தலைமை விருந்தினருக்கு. அதன்மேல் விரிக்கிற வெள்ளைப் பூத்துவாலையை அக்கா மஹ்பூபா நீலம் போட்டு வெளுத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். வேறு யாரும் தொடக்கூடாது. பேண்டு வாசிக்கும் வேம்புலி, பழகிய உரிமையில், ஒருநாள் வியர்வை துடைக்க அதை எடுத்துவிட்டார்.

"வை மாமே! அது தலைவருங்க முதுகுக்கு. உன் மூஞ்சிக்கு இல்ல."

"ஏன், அவுங்க முதுகு இன்னா தங்கமா?"

"தங்கமோ தகரமோ, வை."

மேடை என்றால் முன்பெல்லாம் ஒரே சண்டைதான். மந்திரிக்குப் பக்கத்தில் எம்.பி.யா, எம்.எல்.ஏ.வா, சேர்மன் எந்தப் பக்கம் என்று கடைசி நிமிடம் வரை இழுபறி நடக்கும். கோபித்துக்கொண்டு கீழே இறங்குகிறவருக்காக மேடைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி ஒளித்துவைத்திருப்பார் நஜீர். "அப்பல்லாம் பிரதமருன்னா பேருதான். ரிப்பன் வெட்டறது, கல்லு தொறக்கறது எல்லாம் மந்திரிங்க பார்த்துப்பாங்க. இப்ப நம்ம தெரு முனையில லிஃப்ட் வச்சாலும் அவரே வந்து தொறக்கறாரு. வராமலே வர்றாரு" என்று சொல்லிக் கையால் ஒரு சதுரம் வரைந்து காட்டுவார். எல்.இ.டி. திரையைத்தான்.

சமீபத்தில் பட்டாபிராம் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் லிஃப்ட் திறப்பு விழா நடந்தது. டில்லியில் பிரதமர் ஒரு பொத்தானை அழுத்துவார். பல ஊர்க் கல்வெட்டுகள் ஒரே சமயத்தில் திறக்கும். நஜீர் திரையை மேடையின் பின்பக்கம் நிறுத்தி, அதற்கு முன்னால் வழக்கம்போல ஜனங்களைப் பார்த்து நாற்காலிகளைப் போட்டார்.

விழா அதிகாரி ஜெயராமன் பதறிப்போனார். "என்ன பாய் இது? பிரதமர் பேசுறப்ப அவருக்கு முதுகைக் காட்டிட்டா உட்காருறது?"

நஜீர் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். கவுன்சிலர் யுவராணி வந்து பார்த்தார். "அப்ப ஓட்டுப் போட்ட ஜனத்துக்கு முதுகா? நாளைக்குத் தண்ணி வரலன்னா என் ஊட்டுக்குத்தான் சார் வருவாங்க. டில்லிக்கா போவாங்க?"

ஸ்க்ரூ டிரைவரால் காதோரம் சொறிந்தபடி நஜீர் யோசித்தார். "எல்லாரையும் கீழ எறக்கிடலாம் சார். ஜனத்தோட மொத வரிசையில உக்காந்துக்கட்டும்."

அப்படியே ஆயிற்று. மேடையில் திரை மட்டும் நின்றது. யாருக்கும் யார்மீதும் வருத்தமில்லை. பெரிய நாற்காலிக்குத்தான் இடமில்லாமல் போனது. தலைமை விருந்தினர் திரைக்குள் வருகிறாரே! துவாலையோடு அது தூண் ஓரமாக ஒதுங்கியது.

ஜெயராமன் நஜீரைத் தனியே அழைத்தார். "அங்க பொத்தானை அழுத்துறப்ப இங்க கல்வெட்டுச் சீலை விலகணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கயிறு உங்க கையில. சொதப்பினா இனிமே சிட்டியிலேர்ந்துதான் ஆள் வரும்."

மேடைச் சரிவின் மறைவில், திரை தெரிகிற கோணத்தில், கயிற்றைச் சுற்றிப் பிடித்துக் குந்தினார் நஜீர். பிரதமர் கையை நீட்டினார். விரல் பொத்தானுக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. படம் உறைந்துபோயிருந்தது.

"இன்னா பாய், அவருக்குக் கை புடிச்சுக்கிச்சா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். "லிஃப்டே வேணாம், நாங்க படியிலயே ஏறிக்கிறோம்" என்று இன்னொன்று. சிரிப்பு பரவியது.

காதில் போனோடு ஜெயராமன் குனிந்து ஓடிவந்தார். "அங்க அழுத்தியாச்சாம்! இழுங்க!"

"வெரலு இன்னும் மேலயே கீது சார். இப்ப இழுத்தா இன்னும் சிரிப்பாங்க."

நஜீர், பேண்டோடு ஓரமாக நின்ற வேம்புலியைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். பேண்டு திடுமென்று முழங்கியது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அந்த நேரத்தில் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். ஜனங்கள் மறுபடி பார்த்தபோது கல்வெட்டு திறந்திருந்தது. கைதட்டல் எழுந்தது. திரைக்கு உயிர் வந்தபோது பிரதமர் வேறு ஏதோ ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் பாய். அடுத்த விழாவும் உங்களுக்குத்தான்" என்றார் ஜெயராமன். "அந்தப் பெரிய நாற்காலி மட்டும் வேணாம். சும்மா இடத்தை அடைக்குது."

"செரி சார்."

பந்தல் பிரிக்கத் தொடங்கினார்கள். நஜீரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் கயிற்றின் தடம் சிவந்திருந்தது. தூண் ஓரம் போனார். துவாலையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வேம்புலி பார்த்துக்கொண்டே இருக்க, அதை உருவி எடுத்து, முதலில் நெற்றியை, பிறகு கழுத்தை, பிறகு பிடரியை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.