கறை படாத பட்டை

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாணிலிருந்து அண்ணன் செல்லத்துரை போன் செய்தான். "ஏலே, ராஜேஸ்வரி அக்கா போயிட்டாவளாம். நெஞ்சுவலி. செம்பூர் வீட்லயே முடிஞ்சிட்டு." இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம். அவன் பக்கத்தில் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் நம் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஏறிவிட்டது. மூலையில் அக்காவின் படம், உள்ளங்கை அளவு. கீழே நலச்சங்கத் தலைவரும் நிர்வாகிகளும் கும்பிட்ட கைகளோடு ஆளுக்கு ஒரு முழம் நிற்கிறார்கள். அக்காவைச் சங்கக் கூடத்திலிருந்து வெளியேற்றியவர்கள் இவர்களேதான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா கைரோபிராக்டர். மூட்டுகளையும் தசைகளையும் கையாலேயே அழுத்தியும் அசைத்தும் பார்க்கும் வைத்தியம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே சின்ன கிளினிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்கு மேஜையை டாக்சியில் ஏற்றிக்கொண்டு தாராவிக்கு வந்து நம் கூடத்தில் உட்கார்வார். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வலி. முழங்கையின் வெளிப்பக்கம், தசைநார் எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில். தோல் வெட்டுகிறவர், தையல்காரர், புரோட்டா மாஸ்டர். டீ கிளாஸைத் தூக்கினால் உயிர் போகும் என்பார்கள்.

அக்கா முதலில் வலிக்கிற இடத்தைத் தொடவே மாட்டார். கழுத்து, தோள், மணிக்கட்டு என்று சுற்றிவிட்டுத்தான் முழங்கைக்கு வருவார். பிறகு தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் கொடுத்து, இடது கையின் உதவியோடு தூக்கி, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்கச் சொல்வார். புரோட்டா மாஸ்டர் முருகேசன் ஒருநாள் கேட்டார்: "ஏன்க்கா, பாட்டில எறக்கச் சொல்லித் தரவா காலேஜ்ல படிச்சீய?"

"உமக்கு எறக்கத் தெரியலையே மாஸ்டர். தொப்புனு போடுறீர். தூக்க எல்லாருக்கும் தெரியும். மெதுவா எறக்குறப்பதான் கை தேறும்."

கூடமே சிரித்தது. முருகேசன்தான் அதிகம் சிரித்தார். பிற்பாடு அக்காவுக்கு எதிராக எழுதிய மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். நான் மறக்கவில்லை.

அண்ணன் இருபது வருடம் தோல் வெட்டியவன். வலி முற்றியபோது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள். அக்கா அவன் கையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆபரேஷனே வேண்டாம்னு நான் சொல்லலை. அது கடைசி. மூணு மாசம் குடுங்க. குறையலைன்னா நானே கூட்டிட்டுப் போறேன்." முழங்கைக்குச் சற்றுக் கீழே கட்டிக்கொள்ள வெள்ளைப் பட்டை ஒன்றைத் தந்தார். வேலை செய்யும்போது கட்டாயம் கட்ட வேண்டும். இழுப்பைத் தசைநாருக்குப் போகாமல் அது வாங்கிக்கொள்ளும் என்றார்.

அதோடு விடவில்லை. மறுவாரம் அவன் பட்டறைக்கே வந்து, அவன் வெட்டுவதைப் பார்த்தபடி நின்றார். கத்திப்பிடி ஒல்லியாக இருப்பதால்தான் இறுக்கிப் பிடிக்கிறான் என்று கண்டுபிடித்து, சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் சுற்றிக் கொடுத்தார். பட்டறை முதலாளி சேட் சிரித்தார்: "க்யா மேடம், கத்திக்கும் வைத்தியமா?" அண்ணனுக்கு வெட்கம். எனக்கும்தான். அக்காவுக்குக் கொஞ்சமும் இல்லை.

இங்கேதான் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பட்டறையில் பட்டை கட்டினால் கை போய்விட்டது என்று அர்த்தம். சேட் கண்ணில் பட்டால் மறுநாள் அந்தக் கத்தி வேறொருவன் கைக்குப் போகும். அதனால் அண்ணன் வீட்டில் கட்டிக்கொண்டான், கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போனான், பட்டறை வாசலில் கழற்றி டிபன் பைக்குள் போட்டான். அவன் மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான். ஓய்ந்திருக்கும் கைக்குப் பட்டை, உழைக்கும் கைக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். ஒருநாள் அந்தப் பையின் ஜிப்பை மூடியதே நான்தான்.

மூன்றாம் மாதம் வலி தாங்கவில்லை. அக்கா வாக்குத் தவறாமல் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஆபரேஷன் நடந்தது. பிடியில் பழைய பலம் வரவில்லை. வேலை போனது. தலைவருக்கு அக்கா மேல் முன்பே கோபம். அவரையும் எல்லோரோடும் வரிசையில் உட்காரச் சொன்னதற்காக. அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எம்.ஏ. படிச்சவன் நம்ம தெருவுல நீ ஒருத்தன்தான். நல்லா காட்டமா ஒரு மனு எழுது" என்றார். என் படிப்புக்கு இந்த ஊரில் யாரும் வேலை கொடுத்ததில்லை. அன்று கிடைத்தது. "தவறான சிகிச்சையால் ஓர் உழைப்பாளியின் கை முடமாக்கப்பட்டது" என்று எழுதினேன். பட்டையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

கூடத்தில் மனுவைப் படித்துக் காட்டி, ஆதாரம் என்று, அண்ணனிடம் வாங்கி வைத்திருந்த அந்தப் பட்டையைத் தலைவர் மேஜைமேல் எறிந்தார். அக்கா அதை எடுத்தார், ஒருமுறை திருப்பிப் பார்த்தார், கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இனி கூடத்துக்கு வரக் கூடாது என்று தலைவர் சொன்னதும் மேஜையை மடக்க ஆரம்பித்தார்.

மடக்கு மேஜையைத் தூக்க யாரும் வரவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். படியிறங்கும்போது அக்கா சொன்னார்: "மனு நல்லா இருந்தது தம்பி. ஒரு பிழைகூட இல்லை."

கீழே வந்ததும் பட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "உங்க அண்ணன் விரலெல்லாம் சாயம், பசை. இதுல ஒரு சொட்டுக் கறை இருக்கா பாருங்க. வேலையில கட்டியிருந்தா இது இப்படியா இருக்கும்?"

"பெறகு ஏன்க்கா அங்க சொல்லல?"

"சொன்னா, கை வலியை மறைச்சு வேலை பாத்தவன்னு பேராகும். எந்தப் பட்டறையில அவரை உள்ள விடுவாங்க? எனக்கென்ன, மாட்டுங்காவுல கிளினிக் இருக்கு."

அதுவும் நிலைக்கவில்லை. தாராவிப் பேச்சு மாட்டுங்காவுக்கு நடந்தே போய்விடும். ஒரு வருடத்துக்குள் கிளினிக்கை மூடினார். அதன் பிறகு செம்பூர் வீட்டிலேயே இருந்தார். ஒருமுறை அந்த வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். மணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன்.

நேற்று அண்ணனிடம் எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொன்னேன். "எழுதுலே. இப்ப வாட்ச்மேனா இருக்கேன். இனி எனக்கு என்ன போவப் போவுது?" என்றான். பிறகு, "அவிய மொகத்துல ஒருக்கா முழிச்சிருக்கலாம்லா" என்று சொல்லி அழுதான்.

அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த வெள்ளைப் பட்டைதான். பீரோவில் இத்தனை நாளாகக் கிடக்கிறது, இன்னும் கறை படவில்லை. தூக்கியதை மெதுவாக இறக்க வேண்டும் என்றார். நான் அன்று தூக்கியதை இன்றுதான் இறக்க ஆரம்பித்திருக்கிறேன். வலிக்கிறது.

இதைச் சங்கப் பலகையில், மனுவை ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்டப்போகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். கீழே பெயர் போடப்போவதில்லை. ஒளிவதற்காக அல்ல, அண்ணன் பெயரைச் சொன்ன பிறகு நான் எங்கே ஒளிவது? அன்று பயத்தில் போடவில்லை. இன்று அக்காவின் பெயர் இருக்கும் தாளில் என் பெயரை எழுதக் கை வரவில்லை.