ஏரலில் இருந்து வந்த அழைப்பு

பாளையங்கோட்டையில் ஒரு கால் சென்டரில் எனக்கு வேலை. ஒரு செல்போன் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு யார் அழைத்தாலும் பேசுவது நாங்கள்தான். ரீசார்ஜ் ஏறவில்லை, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கேட்காமலே காலர் டியூன் வைத்துவிட்டீர்கள் என்று நாள் முழுக்க யாராவது ஏசிக்கொண்டிருப்பார்கள். பதிலுக்கு நாங்கள் வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருப்போம்.

தாமிரபரணியில் வெள்ளம் வந்த அந்த மார்கழியில், வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டதால் பலர் வேலைக்கு வர முடியவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே விடுதியில் இருந்த நாங்கள் கொஞ்சம் பேர் மட்டும் வந்திருந்தோம். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் ஒரு பெண் அழைத்தாள். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.

"யக்கா, ஏரல்ல இருந்து பேசுதேன். வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. நானும் கைப்பிள்ளையும் மாமியாரும் தட்டட்டியில நிக்கோம். ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு, யாருக்கும் போன் போவ மாட்டுக்கு. அவசர நம்பரு எப்பம் அடிச்சாலும் பிஸின்னே வருது. உங்களுக்கு மட்டுந்தான் போவுது."

ரீசார்ஜ் முடிந்த போனிலிருந்தும் எங்களை அழைக்கலாம். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் மொட்டைமாடியில் நிற்கும் ஒருத்திக்கு எட்டும் ஒரே ஆள் நான்தான் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

"சார்ஜ் இருக்கா?"

"கொஞ்சந்தான் இருக்கு."

"அப்பம் ரொம்பப் பேசாண்டாம். வீடு எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க கூப்பிட்டா எடுங்க."

ரைஸ்மில்லுக்குப் பின்னால், ரோஸ் கலர் வீடு என்றாள். அதோடு வைத்துவிட்டேன்.

வாடிக்கையாளரின் விவரத்தை வெளியாள் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. எங்கள் போன்களும் வாசலிலேயே லாக்கருக்குள் போய்விடும். டீம் லீடர் அக்கா இதிலெல்லாம் படு கறார். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் சாவியை எடுத்துப்போய் லாக்கரைத் திறந்தார்.

"எல்லாரும் அவங்கவங்க போன எடுங்கட்டி. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

என் பக்கத்து இருக்கைக்காரிக்குக் கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை ஊர். அவளுடைய சித்தப்பாவும் இன்னும் சிலரும் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஏரலுக்குக் கிளம்பியிருந்தார்கள். அவரை அழைத்து, போனில் கேட்ட படகு இன்ஜின் சத்தத்தையும் மிஞ்சிக் கத்தினாள். "சித்தப்பா, ரைஸ்மில்லுக்குப் பின்னால! ரோஸ் கலர் வீடு! கைப்பிள்ள இருக்கு!"

அதற்குள் மற்றவர்களுக்கும் இதேபோல் அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன. டீம் லீடர் அக்கா மும்பையில் இருந்த செல்போன் நிறுவன அதிகாரியைப் பிடித்தார். ரீசார்ஜ் முடிந்த எண்களிலிருந்தும் எல்லோரும் பேசும்படி திறந்துவிடச் சொன்னார். மேலே கேட்க வேண்டும் என்றார் அந்த அதிகாரி. "கேளுங்கள், அதுவரை நான் லைனிலேயே நிற்கிறேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நிஜமாகவே நின்றார். மதியத்துக்கு முன்பே உத்தரவு வந்தது. ஆற்றங்கரை ஊர்கள் அத்தனைக்கும் திறந்தாயிற்று. நாங்கள் போட்ட கூச்சலில் காவலாளி அண்ணாச்சி பதறிப்போய் உள்ளே ஓடி வந்தார்.

உடனே ஏரல்காரியை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தேன். அப்போதும் அப்படித்தான். அடுத்தடுத்து வந்த அழைப்புகளில் என்ன பேசினேன் என்றே எனக்கு நினைவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிப் பக்கத்து இருக்கைக்காரியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள், உடனே ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கா, படகுல இருக்கோம். மாமியாரும் இருக்காவ. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல யக்கா."

பின்னால் பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. அழுகையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். டீம் லீடர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் சத்தமா வைட்டி" என்றார்.

அப்போது சித்தப்பா போனை வாங்கினார்.

"ஏட்டி, கைதட்டுனது போதும். அடுத்த வீடு எங்கன இருக்குன்னு சொல்லு."

அழைத்தவர்கள் சொன்ன விலாசங்கள் எங்களிடம் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தோம்.