சுடாத கை

கொதிக்கிற சோற்றுப் பானையைச் சித்தி வெறுங்கையால் இறக்கி வைப்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. தியாகராய நகரில் சித்தப்பாவுக்கு ஜவுளிக்கடை. கடை ஆட்களுக்கும் எங்களுக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே உலை. அம்மா கரித்துணியைத் தேடுவதற்குள் சித்தி பானையை இறக்கியிருப்பாள். "எக்கா, ஒங்க கைன்னா தீயும் பயப்படும்லா" என்பார்கள் சாப்பிட வந்தவர்கள். உள்ளங்கையில் கொப்புளம் கண்டபோதுகூட, வலிக்கவில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தால் போதாதா!

எழுபதுகளின் தொடக்கம் அது. கொப்புளம் புண்ணாகி ஆறாமல் போகவே, அம்மா அவளை மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன். சித்தியைக் கண்ணை மூடச் சொன்னார். "ஊசி குத்தினா சொல்லும்மா" என்றார். சித்தி கண்ணை மூடிக் காத்திருந்தாள். அவர் விரல் விரலாகக் குத்திக்கொண்டே இருந்தார். அம்மா விம்முகிற சத்தம் கேட்டுத்தான் சித்தி கண்ணைத் திறந்தாள்.

குஷ்டம் என்றார். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் தீரும், வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னபோது சித்தப்பா காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. கோயில் வாசல், ரயிலடி, கடற்கரை என்று அந்நாளில் எங்கே போனாலும் கந்தல் சுற்றிய கைகள் நீளும். அப்படி ஒரு கை தன் வீட்டிலா? "வெளிய தெரிஞ்சா கடைக்குள்ள எவன் வருவான்?" என்றார். "பிள்ளைய விட்டு என்னைப் பிரிச்சிராதீங்க" என்று காலில் விழுந்தாள் சித்தி. மகனுக்கு அப்போது இரண்டு வயசு. ஊருக்கு வெளியே ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் அவளை விட்டுவிட்டு வந்தார்கள். அக்கம்பக்கத்தில், சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போயிருக்கிறாள் என்றோம். இன்று அந்த நோய் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம்.

மகனிடம் திரும்பவேண்டும் என்ற ஒரே வெறியில் நாலைந்து வருஷம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

"சீக்கு போயிட்டுங்க. இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடங்கிப்போன விரல்களையே பார்த்தார்.

"சீக்கு போயிட்டு, சரி. கை அப்படியேல்லா இருக்கு. பாக்கிறவன்ட்ட என்னன்னு சொல்ல?"

அந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு மகன் வந்தான். அம்மா முகம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் கைகளைப் பார்த்தான். பெரியவர்களிடம் பார்த்துப் பழகியபடி தள்ளி நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அவள் முன்னால் எறிந்தான்.

மகன் கொடுத்தது என்று சித்தி குனிந்து அதை எடுக்கப் பார்த்தாள். விரல்களுக்கு அகப்படவில்லை.