ஜப்தி மாடுகளுக்கு வந்த பொங்கல்

அப்பா போன பிறகு ராயபுரத்து வைக்கோல் கடை என் கைக்கு வந்தது. அப்போது துறைமுகத்துச் சரக்கு முக்கால்வாசி மாட்டு வண்டியில்தான் போகும். மாடு இருக்கும்வரை எனக்குப் பிழைப்பு இருக்கும். என்னிடம் கடனுக்கு வாங்கியவர்களில் வண்டி மேஸ்திரி ஒருவர். வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு எல்லாமே கடன்தான். கேட்டால், "கப்பல் வரட்டும் தாயி" என்பார். கப்பல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பணம் மட்டும் வரவில்லை. எனக்குச் சரக்கு அனுப்பும் பொன்னேரி வியாபாரியோ, தை முடிவதற்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் இனி ஒரு கட்டுகூட வராது என்று சொல்லிவிட்டார். வைக்கோல் வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கோர்ட்டுக்குப் போனேன். தீர்ப்பு என் பக்கம். மேஸ்திரி அப்போதும் அசையவில்லை. கோர்ட்டு அமீனா போய் அவருடைய ஒரு ஜோடி மாட்டை ஜப்தி செய்து, என் கொட்டகையிலேயே கொண்டுவந்து கட்டினார். ஏலம் போட்டால் பணம் வந்துவிடும், விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏலத்துக்கு முன்பே மேஸ்திரியின் மச்சான் மணலியிலிருந்து வந்து ஒரு மனுப் போட்டான். மாடு மாமாவுடையது இல்லையாம், அவனுடையதாம்! ஏலம் நின்றது. வாய்தா, அதற்குப் பிறகும் வாய்தா. ஒரு முறை மச்சானுக்குக் காய்ச்சல், இன்னொரு முறை அவன் வக்கீல் வீட்டில் கல்யாணம். இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஜப்தி மாட்டுக்கு ஏலம் வரைக்கும் தீனி போடுவது வழக்குப் போட்டவர் பொறுப்பு. எந்த மாடுகள் தின்ற பாக்கிக்காக வழக்குப் போட்டேனோ, அதே மாடுகளுக்கு நானே மறுபடி ஓசியில் தீனி போட்டேன். வந்தபோது விலா எலும்பு தெரிந்த மாடுகள் மார்கழிக்குள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. மேஸ்திரி தெருவில் போகும்போதெல்லாம் கொட்டகையை எட்டிப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

அப்படியே மாட்டுப் பொங்கலும் வந்தது. தீனி போடுவது போதாதென்று அவர் மாட்டுக்கு நான் கொம்பு வர்ணம் வேறு பூசுவேனா? எனக்கு வேறு வேலை இல்லை! தெருவில் அத்தனை மாடும் சிங்காரித்துக்கொண்டு நிற்க, இந்த இரண்டும் வெறும் கொம்போடு நின்றன. காலையில் அந்த வழியாகப் போன மேஸ்திரி பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வர்ணமும் மாலையுமாகத் திரும்பி வந்தார்.

"இன்னா தாயி, நல்ல நாளும் அதுவுமா மூளியா நிறுத்தி வச்சிகினுகீற?"

"மாடு உங்க மச்சானுதுதானே மேஸ்திரி? அவரு வந்து பூசட்டும்."

"அவனுக்கு இன்னா தெரியும்? கண்ணுக்குட்டிலேர்ந்து வளத்தவன் நானு!"

உட்கார்ந்து ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசினார். "என் ராசா, என் ராசா" என்று கொஞ்சிக்கொண்டே பொங்கலை ஊட்டினார். தீனி சரியாகப் போடுகிறேனா என்று பார்க்க வந்த அமீனா, நான் கொடுத்த சர்க்கரைப் பொங்கலோடு பக்கத்தில் நின்று அத்தனையும் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. என் ஆயுசில் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாய்தாவில் மச்சானை என் வக்கீல் கேட்டார்: "பொங்கலுக்கு உன் மாட்டுக்குக் கொம்பு வர்ணம் யார் பூசினது?" நல்ல நாளில் மாட்டைச் சும்மா விட்டேன் என்று மாடு வைத்திருக்கிற எவன் நாலு பேர் முன்னால் சொல்வான்? மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான்தான் எசமான். எங்க வூட்டாண்ட, என் கையாலயே பூசினேன்!"

ஜட்ஜ் நிமிர்ந்தார். "மாடு அன்றைக்கு இந்தம்மா கொட்டகையில் ஜப்தியில் இருந்ததே?"

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார். அமீனா தான் கண்டதைச் சொன்னார். மனு தள்ளுபடி. கடனோடு தீனிச் செலவையும் சேர்த்து வசூலிக்கலாம் என்றார் ஜட்ஜ். பொய் மனுப் போட்டு இழுத்தடித்ததற்காக மச்சான் எனக்குத் தனியாக நஷ்டஈடு தர வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

ஏலத்தன்று அமீனா வாயைத் திறக்குமுன், மேஸ்திரி மச்சானோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்புப் பையை அவிழ்த்துக் கடன், தீனிச் செலவு இரண்டையும் எண்ணி வைத்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"காசு கையிலயே இருந்துச்சா? அப்போ இன்னாத்துக்குய்யா இந்தப் பேஜாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "இழுத்துகினே போனா நீ சலிச்சிப்போயி பாதிக்கு ஒத்துக்குவேன்னாங்க தாயி."

அவர் சொன்னது பொய்யில்லை. பொங்கலன்று அவர் மட்டும் வர்ணத்தோடு வராமல் இருந்திருந்தால், பொன்னேரிக் கெடுவுக்குப் பயந்து பாதி போதும் என்று நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

மேஸ்திரி மாட்டுக் கயிற்றில் கை வைத்தார். "நஷ்டஈடு எங்கே?" என்றேன்.

"அது மச்சானுக்குப் போட்டதாச்சே?"

"நீதான மாமா என்னைக் கூட்டினு வந்த? நீயே குடு" என்றான் மச்சான்.

அமீனா என் பக்கம் குனிந்து, "கடன்தான் வந்துடுச்சேம்மா, அதைப் போனா போவுதுன்னு வுட்டுடேன்" என்றார்.

"வைக்கோலுக்குக் காசு வந்துடுச்சி. ராத்திரியெல்லாம் இதுங்க பக்கத்துல குந்திகினு அழுதேனே, அதுக்கு இன்னும் வர்ல. மேஸ்திரி, காச வெச்சிட்டு மாட்ட அவுத்துக்கோ" என்றேன்.

மேஸ்திரி வைத்தார். அதற்குப் பிறகுதான் கயிற்றை அவிழ்க்க விட்டேன்.